ஓடாமல் கெட்ட வண்டி: பழைய மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே எழுப்புவது எந்த வரிசையில்?

"நிறுத்தும்போது நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது." பழைய மோட்டார் சைக்கிள் கைமாறும் இடத்திலெல்லாம் இந்த வாசகம் காதில் விழும். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. பதினைந்து வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி, நிறுத்திய அன்று உண்மையிலேயே நன்றாக ஓடியிருக்கும். வாங்கியவர் புது பெட்ரோல் ஊற்றி, கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த பிறகு இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ஏமாந்துவிட்டோம் என்று வண்டியை மூலையில் தள்ளுகிறார். இல்லாவிட்டால் நட்டு நட்டாகக் கழற்றிப் பரப்பி, பாடியைப் பெயின்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து எது எங்கே இருந்தது என்று தெரியாமல் விழிக்கிறார்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வண்டியின் வயதை நாம் ஓடிய கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். கோளாறு வந்ததோ ஓடாமல் நின்ற காலத்தில். நின்றதால் எது, எப்படி, ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பது தானாகவே விளங்கும்.

"பழைய வண்டி" என்று இங்கே சொல்வது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர், பிளக்கின் பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்ட், கேபிள் காலத்து வண்டிகளை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான வண்டிகளுக்குக் கணக்கு வேறு.

## தேய்வது வேறு, கெடுவது வேறு

ஓடுவதால் வருவது தேய்மானம். சிலிண்டரின் உட்துளையான போர் அகலும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் இளைக்கும், செயினும் ஸ்ப்ராக்கெட்டும் தேயும், கிளட்ச் பிளேட் மெலியும். ஓடோமீட்டர் இதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். நிற்பதால் வருவது வேதிமாற்றம். பெட்ரோல் பிசினாகும், ரப்பர் இறுகும், இரும்பு துருப்பிடிக்கும், கிரீஸ் காயும், பேட்டரித் தகட்டில் சல்பேட் படியும். இதைக் காட்ட எந்த மீட்டரும் இல்லை.

இதில் பெரிய எதிரி ஈரம். பகலில் டேங்க் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் துளை வழியாக வெளியேறும். இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் மட்டத்துக்கு மேலே வெறுமையாக இருக்கும் தகட்டில் அந்த ஈரம் படிந்து துருவாகும். பாதி பெட்ரோலோடு நின்ற டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் கோடு கிழித்த மாதிரி மேல்பாதி சிவந்தும் கீழ்ப்பாதி சுத்தமாகவும் தெரியும்.

இன்ஜினுக்குள்ளும் இதே கதைதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளில் ஏதாவது ஒன்று திறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த வழியாக ஈரக்காற்று சிலிண்டருக்குள் போய்வரும். பிஸ்டன் நின்ற இடத்துக்குச் சற்று மேலே போரில் மெல்லிய துரு வளையம் உருவாகும். பிஸ்டன் ரிங் போரோடு ஒட்டிக்கொள்ளும். "இன்ஜின் ஜாம்" என்று விற்கப்படும் வண்டிகளில் கணிசமானவை இந்த ரகம்தான். உள்ளே எதுவும் உடைந்திருக்காது.

ஒரு வண்டி 60,000 கிலோமீட்டர் ஓடி, போன மாதம் வரை ரோட்டில் இருந்தது. இன்னொன்று 8,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஆனால் இருபது வருடம் நின்றது. வீட்டில் வேலை பார்க்க முதன்முதலாக ஒரு வண்டி வாங்குகிறவருக்கு முதலாவதுதான் நல்ல தேர்வு. அதில் என்ன கோளாறு என்று அதுவே ஓடிக் காட்டும். இரண்டாவதில் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

வாங்கும்முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா? எண் பொறித்த இடத்தில் அரம் ராவிய தடமோ புது வெல்டிங்கோ தெரிந்தால் எவ்வளவு அழகான வண்டியானாலும் விட்டுவிடலாம். இன்ஜினைச் சரிசெய்யலாம், எண்ணைச் சரிசெய்ய முடியாது.

## பெட்ரோல் ஏன் கெடுகிறது?

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் தேவைப்படுவதும் அந்த லேசானவைதான். மிஞ்சுவது ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாகி, கடைசியில் வார்னிஷ் போலக் காய்ந்துவிடும். பழைய பெட்ரோலின் புளித்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

இந்தப் பிசின் முதலில் அடைப்பது கார்ப்பரேட்டரின் பைலட் ஜெட்டை, அதாவது ஸ்லோவில் பெட்ரோல் விடும் துளையிட்ட சிறு திருகை. அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. அது அடைத்தால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, கார்ப்பரேட்டரின் எந்தப் பாகம் எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1. ஆக்சிலரேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை, பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்.
2. எட்டில் ஒன்றிலிருந்து கால்பங்குவரை, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பகுதி.
3. கால்பங்கிலிருந்து முக்கால்வரை, ஊசியும் அது இறங்கும் குழாயும்.
4. அதற்கு மேல், மெயின் ஜெட்.

எல்லைகள் கறாரானவை இல்லை, ஒன்றோடொன்று கலந்தே வேலை செய்யும். ஆனாலும் நோய் கண்டுபிடிக்க இது போதும். சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, சோக்கை விட்டதும் அணைகிறது, ஸ்லோவில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் பைலட் ஜெட் அடைப்பு. ஸ்லோவில் அழகாக நின்று, முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டையோ பெட்ரோல் வரத்தையோ பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் குறித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தால் கோளாறு எந்தப் பகுதியில் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விடக் கூடாது. ஜெட் பித்தளை. இரும்புக் கம்பி அதன் துளையை அகலப்படுத்திவிடும், பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தில் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாக, முழு வெளிச்சத்தோடு தெரிய வேண்டும். ஓரம் மங்கலாகத் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது.

## எத்தனால் குழப்பம்

பழைய வண்டிக்காரர்களை இன்று அதிகம் அலைக்கழிக்கும் கேள்வி இது. பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இ10 என்றால் அளவில் 10 சதவீதம் எத்தனால், இ20 என்றால் 20 சதவீதம். "பழைய இன்ஜினை அது தின்றுவிடும்" என்று ஒரு கூட்டம், "ஒன்றும் ஆகாது" என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே மிகைதான். எத்தனால் மூன்று தனித்தனி வேலைகளைச் செய்கிறது. மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால்தான் குழப்பம்.

முதலாவது, கலவை விகிதம். சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் இ10-க்குத் தேவை 14.1 அளவிலும், இ20-க்கு 13.5 அளவிலும் வந்து நிற்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சார் வழியாக இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. துளையின் அளவு எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவு, கலவையில் காற்று மிகுந்துவிடும். மெக்கானிக்குகள் இதை "லீன்" என்பார்கள். இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திறந்தால் ஒரு கணம் தயங்கும். பெரும்பாலான வண்டிகளில் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றினால் தீரும். கிளிப் கீழே இறங்கினால் ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். இ10-இல் பல வண்டிகளுக்கு இதுகூடத் தேவைப்படாது.

இரண்டாவது, ரப்பரும் பிளாஸ்டிக்கும். பழைய பெட்ரோல் ஹோஸ், கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரத்தைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை, டேங்கின் அடியில் திறந்து மூடும் பெட்ரோல் காக்கின் வாஷர், டேங்குக்குள் யாரோ எப்போதோ ஊற்றிய பூச்சு எல்லாம் எத்தனாலில் உப்பவோ உரியவோ இளகவோ செய்யும். ஃபைபர் கிளாஸ் டேங்க் இருந்தால் இன்னும் மோசம், ரெசினே கரைந்து இன்டேக் வால்வின் தண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளூரோ ரப்பரில் செய்த முனைகளும் எத்தனால் தாங்கும் ஹோஸும் மாற்றினால் இந்தப் பிரச்சினை முடிந்தது. எப்படியும் இருபது வருடப் பழைய ஹோஸை மாற்றத்தான் வேண்டும், எத்தனாலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். ஓரளவுவரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும். அளவு மீறினாலோ வெப்பநிலை இறங்கினாலோ எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் காக் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்தக் கலவை கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் தேங்கி அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். ஆனால் இது வாரம் ஒருமுறை டேங்க் நிரப்பி ஓட்டுகிற வண்டியில் நடப்பது அரிது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில்தான் நடக்கும்.

மைலேஜ் குறைவதும் உண்மைதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ10-இல் 3 சதவீதமும் இ20-இல் 7 சதவீதமும் குறைந்தால் அது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால் வேறெங்கோ கோளாறு.

ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றிய பழைய பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் லெட், இன்ஜின் இடிப்பதைத் தடுத்ததோடு வால்வு அமரும் சீட்டில் ஈயச் சேர்மங்களின் மெல்லிய படலத்தையும் விட்டுவைத்தது. 2021-இல் உலகின் கடைசி நாடும் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே சீட்டைக் கடைந்த மிகப் பழைய இன்ஜின்களை நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் வால்வு சீட் அமிழலாம். அலுமினிய ஹெட்டில் எப்படியும் தனிச் சீட் வளையம் பதித்துத்தான் ஆக வேண்டும், அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வால்வு கிளியரன்ஸ் என்ற இடைவெளி அடிக்கடி இறுகுகிறதா என்று மட்டும் பார்த்து வந்தால் போதும்.

## கிக்கரில் கால் வைக்கும்முன்

நின்ற வண்டியைக் கிக்கரால் மிதித்து எழுப்ப முயல்வதுதான் அதிகச் சேதம் செய்யும் வேலை. துருவில் ஒட்டிய ரிங் உடையும். கிக்கர் ஷாஃப்டின் பல் போகும். வரிசை இப்படி இருக்கட்டும்.

1. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் துருநீக்கி ஆயில் விட்டு ஒருநாள் விடவும். இறுகிய இன்ஜினுக்கு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடுவது பலரும் கையாளும் வழி. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் தீப்பொறி வரக் கூடாது.

2. டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்கவும். டாப் கியரில்தான் சக்கரத்திலிருந்து இன்ஜினை எளிதில் சுற்ற முடியும். அசையாவிட்டால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை.

3. இன்ஜின் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்க்கவும். பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மினுமினுத்தால் காந்தத்தைக் காட்டவும். ஒட்டினால் கியரோ பேரிங்கோ. ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் மின்னினால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகிக்க வேண்டும்.

4. கம்ப்ரஷன் பார்க்கவும். பிளக் துளையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து மிதிக்க வேண்டும். அளவு குறைவாக வந்தால் ஒரு ஸ்பூன் ஆயிலை பிளக் துளையில் விட்டு மறுபடி பார்க்கவும். அளவு ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. நீண்டநாள் நின்ற வண்டியில் முதல் அளவை வைத்து முடிவு கட்டக் கூடாது. வால்வு சீட்டில் ஒரு துணுக்குத் துரு இருந்தாலே கம்ப்ரஷன் கசியும், கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்.

5. பிளக்கில் கரண்ட் வருகிறதா? பிளக்கின் உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்து மிதித்துப் பார்க்கவும், பிளக் துளையிலிருந்து தள்ளியே வைக்கவும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். பொறி வராவிட்டால் முதல் சந்தேகம் பாயின்ட்மேல். அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படிந்திருக்கும். மிக நைசான உப்புத்தாளை நடுவில் வைத்து இழுத்து, பிறகு சுத்தமான காகிதத்தால் துடைத்து, மெல்லிய அளவுத் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜில் இடைவெளி பார்க்கவும். பெரும்பாலான வண்டிகளில் அது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கும்.

6. இவ்வளவும் தேறிய பிறகுதான் பெட்ரோல். அதுவும் டேங்கிலிருந்து வேண்டாம். ஒரு சிறு பாட்டிலிலிருந்து ஹோஸ் வழியாகக் கொடுத்தால் டேங்கின் துரு கார்ப்பரேட்டருக்கு இறங்காது.

இரண்டு விசேஷக் குறிப்புகள். டூ ஸ்ட்ரோக் வண்டியில் கிராங்க் ஷாஃப்டின் இருபக்கமும் இருக்கும் ஆயில் சீல், நின்றே இறுகிப்போகும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். மேக்னெட் பக்கத்து சீல் போனால் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் தானாக ஏறும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கியர் பாக்ஸ் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும், ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். நீண்டநாள் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் இந்த சீல்களைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவதே மலிவான வழி.

தனி ஆயில் டேங்க் உள்ள பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில், நிற்கும்போது ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் கேஸில் தேங்கிவிடும். டேங்கில் ஆயில் குறைந்திருக்கிறதே என்று மேலும் ஊற்றினால் தேவைக்கு மேல் ஆயிலாகி, ஸ்டார்ட் செய்ததும் புகை மண்டலம்தான். முதலில் அடியில் வடித்துப் பார்க்க வேண்டும்.

## ஆறு வோல்ட் ஏன் மங்குகிறது?

பழைய வண்டி என்றால் ஹெட்லைட் மின்மினிதான் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 30 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் வண்டியில் அங்கே போகும் இழப்பு 0.25 வோல்ட், அதாவது 2 சதவீதம். 6 வோல்ட் வண்டியில் 0.5 வோல்ட், அதாவது 8 சதவீதம். அதே துரு, நான்கு மடங்கு பாதிப்பு. ஒரு பல்புக்குப் போகும் வழியில் இப்படி ஐந்தாறு இணைப்புகள் இருக்கும்.

ஆகவே 12 வோல்ட்டுக்கு மாற்றும் கிட்டைத் தேடுவதற்கு முன் எர்த்தை, அதாவது மின்சாரம் சேஸி வழியாகத் திரும்பும் இணைப்பைக் கவனிக்க வேண்டும். சேஸியில் எர்த் ஒயர் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கினாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆசையாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில்தான் எலெக்ட்ரிக்கல் கோளாறு அதிகம், புதுப் பெயின்ட் எர்த்தை மறைத்துவிடுகிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியைப் பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டினால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் போய்விடும். பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் கெட்டால் பாயின்ட் சீக்கிரம் கருகும், பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் தெரியும். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் அணைந்து, அரைமணி கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகிக்கலாம்.

## ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

இன்ஜின் சத்தம் கேட்ட உற்சாகத்தில் அப்படியே தெருவில் ஒரு சுற்று போகிறவர்கள் உண்டு. பிரேக்கும் டயரும் இன்ஜினைவிட மோசமாக நின்றே கெட்டிருக்கும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பார்க்கவும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ரப்பர் இறுகிய டயர் வறண்ட ரோட்டில் ஏமாற்றிவிடும். முதல் மழையில் குணத்தைக் காட்டும்.

டிரம் பிரேக்கைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் பொடியை ஊதவோ காற்றழுத்தம் பிடிக்கவோ கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். ஷூவில் லைனிங்கை ஒட்டிய பசை வயதானால் விட்டுவிடும். லைனிங் தடிமனாக இருக்கிறதே என்று திருப்திப்படாமல் விரல் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்க்கவும். ஓடும்போது லைனிங் கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும் டிரம்மில் இருக்கும் பிரேக் லீவரும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்க வேண்டும். செங்கோணத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பலம் சேராது. பலரும் ஷூவை மாற்றுகிறார்கள், இந்தக் கோணத்தைப் பார்ப்பதில்லை.

முன்சக்கர ஹைட்ராலிக் டிஸ்க்கைப் பெருவாரி உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1969-இல் வந்த ஹோண்டா சிபி750. அதற்குப் பிந்தைய டிஸ்க் வண்டிகளில் பிரேக் ஆயிலைத்தான் முதலில் மாற்ற வேண்டும். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 4-க்கான தரவரையறைப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. கொதித்தால் ஆவிக்குமிழ், ஆவியை அழுத்த முடியும், லீவர் கைப்பிடி வரை போய்விடும். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் மட்டும் அதற்குச் சொந்தம், குணத்தில் டாட் 4-இன் இனம். பிரேக் பிடித்துவிட்டு விட்ட பிறகும் சக்கரம் இறுக்கமாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் அடியில் உள்ள நுண்துளை அடைத்திருக்கும், அல்லது ஹோஸ் உட்புறம் உப்பியிருக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டில் பாரை மெல்லத் திருப்பவும். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலத் தங்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது.

## மரையோடு மல்லுக்கட்டு

வீட்டு கராஜில் அதிக நேரம் தின்பது இன்ஜின் இல்லை, கழலாத நட்டும் போல்ட்டும்தான். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

மரை எல்லாம் ஒன்று இல்லை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். அப்போது பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் இருக்கும் பெண்மரை அழியும். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு மெட்ரிக் ஸ்பேனரும் சரிவராது, அங்கே நட்டின் தலை அளவும் வேறு.

ஜப்பானிய வண்டிகளில் கூட்டல் குறி ஸ்க்ரூ தலையெல்லாம் மழுங்கியிருப்பதைப் பார்க்கலாம். அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தொழில் தரத்தைச் சேர்ந்தவை. பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருந்தாலும் பள்ளத்தின் வடிவம் வேறு. சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளி அடிவரை உட்காராமல் மேலேறி வழுக்கும். ஜேஐஎஸ் திருப்புளியும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் பாதி மல்லுக்கட்டு மிச்சம்.

அலுமினியக் கேஸில் இரும்பு போல்ட் இருந்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்த வெள்ளை உப்பு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டை விட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் பிடி தளரும். சூடுபடுத்தும் இடத்தில் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த ஈரம் இருக்கக் கூடாது, சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். மரை அழிந்தேவிட்டால் கவலை வேண்டாம். பெரிதாகத் துளைத்து இரும்புச் சுருள் மரை பதிப்பது பழையதைவிட உறுதியாகவே நிற்கும்.

## பெயின்ட் எப்போது?

கடைசியில். முதலில் ஓட்டு, பிறகு அழகுபார் என்பதுதான் இந்த வேலையில் எனக்குத் தெரிந்த நல்ல வரிசை. ஓடாத வண்டிக்குப் பெயின்ட் அடித்தால், பின்னால் கியர் பாக்ஸில் சத்தம் கேட்கும்போது அந்தப் பெயின்டின் மேலேயே ஸ்பேனர் வழுக்கும். இரண்டு மூன்று மாதம் ஓட்டினால் எது உண்மையில் கெட்டது, எது பார்வைக்கு மட்டும் அசிங்கம் என்று பிரிந்துவிடும். பழைய பெயின்ட் ஓரளவு நன்றாகவே இருந்தால் அதை அப்படியே விடுவதும் ஒரு நல்ல முடிவு. கம்பெனி அடித்த பெயின்டைச் சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

டேங்க் துரு மட்டும் காத்திருக்காது. சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓரிரு நாள் ஊறவைத்து, சோடா கரைசலில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். உலர்த்தத் தாமதித்தால் கண்முன்னே மறுபடி செந்துரு படரும். சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும் கொண்டு மின்பகுப்பு முறையிலும் எடுக்கலாம். அதில் ஹைட்ரஜன் வாயு வரும், திறந்த வெளியில் செய்ய வேண்டும். பாசிட்டிவ் கம்பியாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வேண்டாம், கரைசலில் நச்சுக் குரோமியம் சேரும்.

## ஓட்டும்போதும் நிறுத்தும்போதும்

முதல் நூறு கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். பிறகு ஆயிலை மாற்றி, எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கவும். கிளட்ச் ஆயிலிலேயே ஊறும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரம் குறித்த மோட்டார் சைக்கிள் ஆயில் வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில்கள் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து வழுக்கச் செய்துவிடும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல் அது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் வரும், அளவில் எரிந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழச் சமமாகவே. இன்ஜின் முழுச்சூடு ஏறினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்து ஓட்டையாவது இப்படித்தான். ஓட்டுவதானால் ஆயில் நன்றாகச் சூடேற அரைமணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் தொடாமல் விடுவதே மேல்.

மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்தால், அன்றே ஆயிலை மாற்றவும். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். டேங்கை மூடிவரை நிரப்பவும், பாதியில் விட வேண்டாம். பெட்ரோல் காக்கை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணம் வற்றி இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடவும். பேட்டரியைக் கழற்றி உள்ளே எடுத்து வைக்கவும். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, கனமாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்தவும். நான்கு ஸ்ட்ரோக்கில் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்.